தட்டும் கார்வையும்

தியானத்துக்கு உட்காருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நிமிடத்திலேயே மனத்துக்குள் ஒரு கேள்வி தலைதூக்கும்: எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுப்பில் வைத்த பாலும் பிள்ளையின் பள்ளி வேனும் எட்டரை மணி ரயிலும் அந்தக் கேள்வியின் பின்னாலேயே வந்து சேரும். அரைக் கண்ணைத் திறந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கத் தோன்றும். நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நேரம் நீளும். நீண்டுபோன நேரம் எரிச்சலைக் கொண்டுவரும். எரிச்சலும் மூச்சும் ஒரே இடத்தில் உட்காராது.

இந்தக் கேள்வியை நம்மிடமிருந்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வதற்கென்றே இருக்கிறது தியான டைமர் என்ற எளிய செயலி. எத்தனை நிமிடம், தொடக்கத்தில் எந்த மணி, நடுவில் மணி வேண்டுமா, முடிவில் எந்த மணி. அது நம்மிடம் கேட்பது இவ்வளவுதான். பிறகு திரை இருண்டுவிடும். இன்சைட் டைமர் என்ற செயலியைப் பலர் அறிந்திருப்பார்கள். இன்று அதற்குள் உரைகளும் வழிகாட்டும் குரல்களும் ஏராளமாகக் குவிந்திருக்கின்றன. ஆனால் அதன் பெயருக்குக் காரணமான எளிய டைமர் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது. மணியாக ஒலிக்கும் உலோகக் கிண்ணங்களின் ஓசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத இந்தச் சிறு கருவியில் காதுக்கு எத்தனை நயம் இருக்கிறது என்பதை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நேரத்தைக் காக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் தங்கள் காரியத்தில் ஆழ்வது மிகப் பழைய ஏற்பாடு. முல்லைப்பாட்டில், வேந்தன் தங்கியிருக்கும் பாசறையில் நாழிகைக் கணக்கர் இருக்கிறார்கள். நீர் வட்டிலைப் பார்த்து, இன்ன பொழுது ஆயிற்று என்று அவனுக்கு அறிவிப்பது அவர்கள் பணி. ஒரு நாழிகை என்பது இன்றைய கணக்கில் 24 நிமிடம். காலையில் ஒருமுறை அமர்வதற்கு அதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரிந்து இல்லை. ஜப்பானின் ஜென் மடங்களில் ஊதுபத்தி ஒன்று எரிந்து தீரும் நேரமே ஓர் அமர்வின் அளவாக இருந்து வந்திருக்கிறது, ஏறத்தாழ 40 நிமிடம். பத்தியின் மீது கண் வைத்திருக்க ஒருவர் உண்டு. மற்றவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. விபஸ்ஸனா தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழிவந்த பத்து நாள் முகாம்களில் விடிவதற்கு முன் 4 மணிக்கு மணி ஒலிக்கும். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், எழுவதும் அமர்வதும் உண்பதும் அங்கே மணியின் பொறுப்பு. நீர் வட்டிலுக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் இருந்த அந்த மனிதரின் வேலையைத்தான் கைப்பேசிக்குள் இருக்கும் டைமர் இன்று செய்கிறது. தனியாக வீட்டில் உட்காருகிறவருக்கும் ஒரு காவலர் கிடைத்திருக்கிறார் என்பது சிறிய விஷயமல்ல.

பொத்தானை அழுத்தியதும் மணி அடித்துவிடாமல் இருப்பதுதான் நல்ல டைமரின் முதல் நயம். அழுத்திய விரல் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும், கால் மடிய வேண்டும், வேட்டியோ புடவையோ சரியாக வேண்டும், முதுகு நிமிர வேண்டும். இவற்றுக்காகப் பத்துப் பதினைந்து விநாடிகளை முன்னதாக ஒதுக்கிக்கொள்ள வசதி உண்டு. அந்த விநாடிகள் அமர்வின் கணக்கில் சேராது. உட்கார்ந்து, ஒரு மூச்சு நீளமாக வெளியேறி, இனி மணி வரலாம் என்று உடம்பு இருக்கும்போது மணி வருகிறது.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்ஸின் தென்மேற்கில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில் இந்த இடைவெளிக்கே ஓர் ஒலி உண்டு. கோலால் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு, எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடிப்பார்கள். முழு ஓசை எழாமல் ஒரு மந்தமான சிறு ஒலி மட்டும் வரும். மணி வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தை முடித்துக்கொள்வார். ஒரு மூச்சு அளவு காத்திருந்து, அதன் பிறகே முழு மணி. சத்தத்துக்கு முன்னால் சத்தத்தைப் பற்றிய அறிவிப்பு என்ற இந்த மரியாதையை எண்ணி நான் வியக்காத நாளில்லை. டைமரில் முன்னதாக ஒதுக்கும் சில விநாடிகள் அதே மரியாதையை ஓசையின்றிச் செய்கின்றன.

இப்போது முதல் மணி.

ஓர் ஒலி எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் அதன் குணம் பாதி இருக்கிறது. திடீரென உச்சத்தில் தொடங்கும் பெரிய சத்தம் கேட்டால், என்ன ஏது என்று மனம் அறியும் முன்பே இமை மூடித் திறக்கும், தோள் தூக்கிக்கொள்ளும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் தொடங்கிவிடுகிற அனிச்சைச் செயல் அது. நாம் விரும்பினாலும் தடுக்க முடியாது. கைப்பேசியின் வழக்கமான அலாரம் இந்த அனிச்சையை நம்பித்தான் பிழைக்கிறது. தூங்குகிறவரை எழுப்புவதற்கு அது சரி. அடங்கி வந்த மனத்துக்குள் அதே அலாரம் அடித்தால் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி.

கிண்ண மணியை மரக்கட்டையால் நேராகத் தட்டினால் கூரான ஓசை எழும். கம்பளியோ தோலோ சுற்றிய கோலால் தட்டினால் ஓசை மெத்தென்று பிறக்கும். காரணம் எளிது. மெத்தையான கோல் விளிம்பை விட்டு விலகச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் பல முறை அதிர்ந்துவிடக்கூடிய உயர்ந்த சுரங்களை அது எழவிடாமல் அமுக்கிவிடுகிறது. ஆழ்ந்த சுரத்துக்கு மட்டும் வழி விடுகிறது. நல்ல டைமரில் பதிவான மணியைக் கேட்டால் அது தட்டப்பட்ட கணத்தைக் குறிப்பாகச் சுட்ட முடியாது. ஓசை இருக்கிறது என்று தெரியும்போது அது ஏற்கெனவே விரிந்திருக்கும். தோள் தூக்கிக்கொள்ள அங்கே வேலை இல்லை.

தட்டு முடிந்த பிறகு மிஞ்சுவது கார்வை. இந்தக் கருவியின் செல்வம் முழுவதும் அங்கேதான்.

திபெத்தியக் கிண்ணம் என்று விற்கப்படுகிற இவற்றை ஏழு உலோகங்கள் கலந்து செய்வதாகச் சொல்வார்கள். ஆராய்ந்து பார்த்த கிண்ணங்களில் பெரும்பாலும் இருப்பது செம்பும் வெள்ளீயமும்தான். நூற்றுக்கு எழுபத்தேழு எழுபத்தெட்டுப் பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். அதாவது நம் கோயில் மணியின் வெண்கலம். வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்தால் உலோகம் கடினமாகிறது. கீழே போட்டால் உடையக்கூட உடையும். ஆனால் அதிர்வைத் தன் உள்ளேயே தின்று தீர்க்காது. ஒருமுறை பட்ட அடியை நெடுநேரம் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பித்தளைச் சொம்பையும் வெண்கலக் கிண்ணத்தையும் அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும்.

இந்த நீண்ட கார்வைக்குள் ஒரு மெல்லிய விம்மல் உண்டு. ஓசை சீராகத் தேயாமல் எழுந்தும் தாழ்ந்தும் அலைபோல் தேயும். கிண்ணம் அதிரும்போது அதன் வாய் வட்டமாக இருப்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கமாகவும் மறு கணம் அதற்குக் குறுக்காகவும் நீள்வட்டமாக நெளிகிறது. கையால் அடித்து உருவாக்கிய கிண்ணத்தின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. அதனால் நெளிவின் திசைக்கேற்ப மிக நெருங்கிய இரண்டு சுரங்கள் பிறக்கின்றன. ஒன்று விநாடிக்கு 220 அதிர்வு, மற்றது 221 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து விநாடிக்கு ஒருமுறை விம்மித் தாழும். எந்திரத்தில் கடைந்து எல்லாப் பக்கமும் அச்சாகச் செய்த கிண்ணத்தில் இந்த உயிர்ப்பு குறைவாகத்தான் இருக்கும். கைவினைஞரின் சுத்தியல் ஓர் இடத்தில் சற்றே அதிகம் இறங்கியது. அதன் பயன் ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஒரு கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி வழியே, கண் மூடியிருப்பவரின் காதுக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு நுட்பமும் கேட்கக் கேட்கப் பிடிபடும். வீணைத் தந்தியின் துணைச் சுரங்கள் ஆதார சுருதிக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் ஒழுங்காக அடுக்கி நிற்கும். கிண்ணத்தின் இரண்டாம் சுரமோ முதல் சுரத்துக்கு ஏறத்தாழ 2.7, 2.8 மடங்கில் நிற்கிறது. எந்த ராகத்திலும் முழுதாக உட்காராத உறவு இது. அதனால்தான் மணியோசை பாட்டின் தொடக்கமாக மனத்தில் பதிவதில்லை. அடுத்த சுரம் என்ன என்று காது எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. நாதஸ்வரத்தின் ஒரு சிறு பிடியை டைமரின் மணியாக வைத்துப் பாருங்கள்: மனம் உடனே ராகத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். தியானத்தைத் தொடங்கவும் முடிக்கவும் உலகின் பல மரபுகள் பாட்டை விட்டு மணியைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயர்ந்த சுரங்கள் முதலில் கரையும், ஆழ்ந்த சுரம் கடைசிவரை நிற்கும். ஆகவே ஒரே மணி தொடக்கத்தில் ஒளிர்ந்தும் நடுவில் உருண்டும் முடிவில் வெறும் முனகலாகவும் நிறம் மாறுகிறது. காது அதைப் பின்தொடர்ந்து போகிறது. எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த கவனம் மட்டும் ஓசையின்றி நிற்கிறது. மூச்சைக் கவனிக்க அந்தக் கவனமே போதும். புதிதாக ஒன்றைத் திரட்ட வேண்டியதில்லை.

அனுராதபுரத்தில் 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர் இந்தக் கணத்தை அருமையாகப் பிடித்திருக்கிறார். தியானத்தின் முதல் நிலையில் மனம் செய்யும் இரண்டு காரியங்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். விதக்கம் என்பது மனம் ஒரு பொருளின் மீது போய்ப் படுவது. விசாரம் என்பது பட்ட பின் அதிலேயே தோய்ந்து நிற்பது. முன்னதற்கு மணியைத் தட்டுவதையும் பின்னதற்கு மணியின் ரீங்காரத்தையும் அவர் உவமையாகச் சொல்கிறார். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு ஓர் உரையாசிரியர் மணியை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்! கைப்பேசியில் தொடக்க மணி ஒலிக்கும்போது அந்த இரண்டையும் காதாலேயே பழகிக்கொள்ளலாம். தட்டு வந்து நம்மைத் தொடுகிறது. கார்வை நம்மை அங்கே இருத்துகிறது.

இந்த ஓசை நம்மை வந்தடையும் வழி குறுகலானது. கைப்பேசியின் ஒலிபெருக்கி விரல் நகம் அளவே. விநாடிக்கு முந்நூறு நானூறு அதிர்வுக்குக் கீழுள்ள சுரங்களை அது சொல்லத் திணறும். அடிவயிறு அதிரும் பெரிய கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தால், காதில் மாட்டும் கருவியில் அது கம்பீரமாக ஒலிக்கும். கைப்பேசியின் வாயில் ஆதார சுரம் மறைந்து, மேலே மிதக்கும் ஓசை மட்டும் வரும். சிறிய கிண்ணத்தின் மணியே கைப்பேசிக்குப் பொருத்தம். கைப்பேசியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பாயின் மீதோ போர்வையின் மீதோ வைத்தால் துணி ஓசையைக் குடித்துவிடும். மணைப்பலகை மீது வைத்தால் பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஓசைக்குச் சற்று உடம்பு கொடுக்கும். பழைய பலாமரப் பலகை வீட்டில் இருந்தால் முயன்று பாருங்கள்.

இனி, மணி ஒலிக்காத நேரம். அமர்வில் பெரும்பகுதி அதுதான். செயலியை எழுதியவரின் உழைப்பும் அங்கேதான் மறைந்திருக்கிறது. மின்கலத்தைச் சேமிக்க, திரை அணைந்த கைப்பேசி தன் செயலிகளை உறங்க வைத்துவிடும். ஆண்ட்ராய்டில் 2015இல் ஆறாம் பதிப்போடு இந்த உறக்கம் கண்டிப்பானது. உறங்கிய செயலியால் இருபத்து நான்காம் நிமிடம் சரியாக மணி அடிக்க முடியாது. தன்னைக் குறித்த நேரத்தில் எழுப்பும்படி முன்கூட்டியே அனுமதி பெற்று வைக்க வேண்டும். ஐபோனில் அறிவிப்பு ஒலியாக ஒரு மணியை அனுப்பினால் அது 30 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். அதைவிட நீண்ட கார்வைக்கு அந்த வழியில் இடமில்லை. ஆகவே சில செயலிகள் ஓர் அழகான உபாயம் செய்கின்றன. அமர்வு முழுவதும் ஓசையே இல்லாத ஓர் ஒலிப்பதிவை ஓடவிடுகின்றன. பாடிக்கொண்டிருக்கும் செயலியைக் கைப்பேசி உறங்கச் சொல்வதில்லை. நாம் நிசப்தம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அந்த நிசப்தத்தையும் ஒரு பாட்டைப் போலப் பொறுப்பாக இசைத்துக்கொண்டிருக்கிறது கருவி.

நடுவில் வரும் மணியை விரும்புகிறவர்களும் உண்டு, வேண்டாதவர்களும் உண்டு. நான் விரும்புகிறவர் பக்கம். எண்ணத்தின் பின்னால் வெகுதூரம் போய்விட்ட மனத்துக்கு அது ஒரு கண்டிப்பும் இல்லாமல் இடத்தை நினைவூட்டுகிறது. மூச்சோடு இருந்தவருக்கோ அது வந்ததும் போனதும் ஒன்றே. ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும். ஒற்றைத் தட்டாக இருக்க வேண்டும், தொடக்க மணியைவிடத் தாழ்ந்த ஒலியில் இருக்க வேண்டும், முடிவு மணியோ என்று ஐயம் எழாதபடி வேறு கிண்ணமாக இருப்பது மேல். ஒரு நாழிகைக்கு நடுவில் ஒருமுறை, பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒலித்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால், துரத்திவிட்ட கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்து மணிகளை எண்ணத் தொடங்கிவிடும்.

எண்ணிக்கையையே மொழியாக்கியவர்கள் சோட்டோ ஜென் மரபினர். மூன்று மணி ஒலித்தால் அமர்வு தொடக்கம். இரண்டு ஒலித்தால் எழுந்து நடைத் தியானம். ஒன்று ஒலித்தால் அமர்வு முடிந்தது. ஒரு சொல்லும் பேசாமல் மண்டபம் முழுவதும் தன்னை நடத்திக்கொள்கிறது. டைமரில் தொடக்கத்துக்கு மூன்று, முடிவுக்கு ஒன்று என்று நாமும் அமைத்துக்கொள்ளலாம். உள்ளே போகும்போது மூன்று தட்டுகள் படிப்படியாக இறக்கிவிடுகின்றன. ஒவ்வொரு கார்வையும் முழுதாக அடங்க இடம் விட்டு அடுத்தது வந்தால் அந்த ஒரு நிமிடமே தனி அமர்வு. வெளியே வரும்போது ஒன்று போதும்.

முடிவு மணியில்தான் ஒரு டைமர் தன் தரத்தை முழுதாகக் காட்டும். கோயங்கா முகாம்களில் ஒரு மணி நேரக் கூட்டு அமர்வு சட்டென்று முடிவதில்லை; கடைசிச் சில நிமிடங்களில் அவருடைய பதிவு செய்த குரல் மெல்ல ஓதத் தொடங்கும், அதைக் கேட்டபடியே மனம் கரைக்கு வரும். நல்ல டைமரின் முடிவு மணிக்கும் அந்த நிதானம் உண்டு. பதிவைப் பத்து விநாடியில் வெட்டிவிடாமல், கிண்ணம் அறையின் ஓசையோடு ஓசையாகக் கலந்து மறையும்வரை விட்டிருப்பார்கள். அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்தடுத்து அடித்துக்கொண்டே நம்மைத் தேடி வராது. அந்தக் கார்வை அடங்கும்வரை அமர்ந்திருந்து பிறகு கண் திறப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால், தியானத்தின் மிக இனிய அரை நிமிடம் அதுவாகவே இருக்கும்.

அதற்குப் பின் திரையில் பாராட்டும் புள்ளிகளும் தொடர்ந்து எத்தனை நாள் என்ற கணக்கும் வந்து நிற்கும் செயலிகள் உண்டு. பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள அவை சிலருக்கு உதவக்கூடும். ஆனால் கேள்வியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு அமைதியைக் கொடுத்த கருவி, முடிந்த உடனே வேறொரு எண்ணிக்கையைக் கையில் திணிப்பது எனக்கு ஒப்பவில்லை. அமைப்புகளுக்குள் போய் அவற்றை மறைத்துவிட முடியுமானால் மறைத்துவிடுங்கள்.

இத்தனை மணிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்குகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு மாலை நேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி, கடைசி இழை மறையும்வரை பொறுமையாகக் கேளுங்கள். தட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடங்கும் விதம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தபின் மாற்றாதீர்கள். அதை விடியற்கால அலாரமாகவோ அழைப்பு மணியாகவோ ஒருபோதும் வைக்காதீர்கள். ஓர் ஒலி எதனோடு சேர்ந்து ஒலிக்கிறதோ அதன் பொருளைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும். நாள்தோறும் அமர்வோடு மட்டுமே கேட்ட மணி, சில காலத்தில், கேட்ட மாத்திரத்தில் மூச்சை நீளமாக்கும். அந்தப் பொருளை எந்தச் செயலியும் தயாராகச் செய்து தர முடியாது. மணியைச் செய்தவர் பாதி, பதிவு செய்து நேரம் தவறாமல் ஒலிக்க வைத்தவர் பாதி என்றால், அதைத் தியானத்தின் மணியாக ஆக்குவது தினமும் உட்காருகிறவரின் காது.